ஸர் ஸி. வி. ராமனும் சருமப் புற்றுநோயும்

சருமத்தில் தோன்றிய கரும்புள்ளி ஒன்று வெறும் மச்சமா, அல்லது உயிரைக் குடிக்கும் புற்றுநோயின் முளையா என்பதைக் கத்தியெடுத்துக் கீறாமலே கண்டுகொள்ள முடியுமா என்னும் கேள்வி இன்று பல தேசத்து வைத்திய நிபுணர்களின் கருத்தைக் கவர்ந்து வருகிறது. முடியும் என்று சொல்லுகிறவர்கள் கையாளும் முறைகளில் தலைசிறந்த ஒன்று தமிழர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. ராமன் நிறமாலை முறை என்பது அதன் பெயர். அப்பெயருக்குரிய பெரியாரோ வைத்தியர் அல்லர். ஒரு நோயாளியின் நாடியையும் பிடித்துப் பார்த்தவர் அல்லர். கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வி புறப்பட்ட இடத்திலிருந்து குடியானவன் பாதத்திலுள்ள கரும்புள்ளி வரையில் வந்து சேர்ந்த வழியை நம்மவர் அறிந்திருக்க வேண்டும். அறிய வேண்டியதற்கு இன்று ஒரு தனிக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்லுவோம்.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ம் வருஷம் நவம்பர் மாதம் 7-ம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்துக் கலாசாலையில் வேலை கிடைக்கவே, குடும்பம் 1892-ல் அங்கே சென்றது. பிள்ளை கடற்கரையிலே வளர்ந்தான். பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறி, பதினான்கு வயது முடிந்ததும் சென்னை ராஜதானிக் கலாசாலையில் சேர்ந்து, 1904-ல் பௌதிகத்தில் தங்கப் பதக்கத்துடன் பி. ஏ. பட்டமும், 1907-ல் எம். ஏ. பட்டமும் பெற்றார். மாணாக்கராயிருக்கும்போதே, 1906-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஒளியைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை லண்டனில் வெளியாகும் விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சேறிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அக்காலத்தில் புத்திசாலியான வாலிபனுக்குச் சீமைக்குப் போவது ஒன்றே வழி என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ராமனையும் அனுப்பவே ஆசிரியர்கள் விரும்பினார்கள். ஆனால் தேகத்தைப் பரீட்சித்த சென்னை ஸர்ஜன், இந்தப் பையன் இங்கிலாந்தின் குளிரைத் தாங்கமாட்டான் என்று தடுத்துவிட்டார். ராமன் பிற்காலத்தில் அந்த வைத்தியருக்கு நன்றி பாராட்டியதாகச் சொல்வார்கள். நாமும் பாராட்டலாம்.

இனி, அக்காலத்தில் இந்தியனுக்குத் திறந்திருந்த பெரிய உத்தியோகம் பொக்கிஷ இலாகா உத்தியோகம். 1907-ல் அப்பரீட்சையில் தேறி, லோகசுந்தரி அம்மாளை மணந்து, அதே வருஷம் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக அமர்ந்தார். கை நிறையச் சம்பளம், கௌரவமான பதவி. பௌதிகத்துக்கு அத்துடன் முடிவு வந்துவிட்டதென்றே பிறர் நினைத்திருப்பர்.

ஆனால் பௌபஜார் வீதியில் ஒரு பலகை தொங்கிற்று. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்பது அதிலிருந்த பெயர். டாக்டர் மகேந்திரலால் ஸர்க்கார் என்னும் வங்காள வைத்தியர் சுதேசிகளின் நன்கொடையைத் திரட்டி 1876-ல் நிறுவிய ஸ்தாபனம் அது. அரசாங்கத்தார் தயவில்லாமல் இந்தியர் இந்தியப் பணத்தில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது அவருடைய கனவு. கட்டடமும் கருவிகளும் இருந்தன, உழைப்பவர்தாம் இல்லை. ராமன் உள்ளே சென்று அனுமதி கேட்டார், கிடைத்தது. அன்று முதல் பத்து வருஷ காலம், ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டிருந்த இடைக்காலம் நீங்கலாக, விடியற்காலையில் ஆராய்ச்சி சாலை, பகலில் கணக்கு, மாலையிலும் இரவிலும் மறுபடி ஆராய்ச்சி சாலை என்று காலம் கழிந்தது. ஆசுதோஷ் தே என்ற உதவியாளர் ஒருவரே துணை.

அந்நாட்களில் அவர் செய்த வேலையில் பெரும் பகுதி நாதத்தைப் பற்றியது. வீணை, வயலின், தபேலா, மிருதங்கம் இவற்றின் இலக்கணத்தைப் பௌதிகத்தால் ஆராய்ந்தார். சாதாரணத் தோற்கருவியைத் தட்டினால் எழும் ஒலிக்கூறுகள் ஒன்றோடொன்று சுருதி சேர்வதில்லை. நம் மிருதங்கமோ சேர்கிறது. வலந்தலையில் அப்பியிருக்கும் கரும்பூச்சே காரணம் என்றும், தோலின் பாரத்தை அது ஒழுங்குபடுத்தி அதிர்வுகளைச் சுருதிக்கு இழுக்கிறது என்றும் அவர் காட்டினார். நம் முன்னோர் கேள்வியறிவாலேயே செய்த சாதனைக்கு அவர் கணக்குச் சொன்னார் எனலாம். ஒரு பொருளைத் தட்டினால் அது தன் இயல்பை அதிர்வின் மூலம் தெரிவிக்கும் என்ற இந்தக் கருத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் ஒளியைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸர் ஆசுதோஷ் முகர்ஜி அவரைப் பாலித் ஆசிரிய பீடத்துக்கு அழைத்தார். சம்பளம் ஏறக்குறையப் பாதி. அதன்றியும், பீடத்தில் அமர்பவர் அந்நிய நாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. சம்பளக் குறைவை ராமன் பொருட்படுத்தவில்லை. நிபந்தனைக்கு மட்டும் இணங்க மறுத்தார். பௌதிகம் பயில அயல்நாடு போக அவசியமில்லை என்பது அவர் கட்சி. விதி தளர்ந்தது; அவர் தளரவில்லை.

1921-ல் அவர் முதன் முறையாகக் கப்பலேறினார். ஆக்ஸ்போர்டில் கூடிய சர்வகலாசாலைகளின் மகாநாட்டுக்குச் சென்று மீளும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைத் திகைக்க வைத்தது. கடலின் நிறம் வானத்தின் பிரதிபிம்பமே என்று லார்டு ராலே சொல்லியிருந்தார், உலகம் ஒப்புக்கொண்டிருந்தது. ராமன் கப்பலின் மேல்தளத்தில் நின்றபடியே ஒரு சிறு பட்டகத்தால் நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே நிறம் வானத்திலிருந்து கடன் வாங்கியதன்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்து, பிரயாணத்திலேயே கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார்.

பிறகு ஏழு வருஷம் இதே வேலை. அவரும் அவருடைய மாணாக்கர்களும் நீர் முதலிய திரவங்களைச் சுத்தி செய்து, சூரிய ஒளியை உள்ளே செலுத்தி, சிதறும் ஒளியைச் சோதித்து வந்தார்கள். 1923-ல் கே. ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். செலுத்திய நிறம் மட்டுமன்றி, வேறு நிறத்தின் மிக மெல்லிய சாயலும் சிதறலில் கலந்திருந்தது. திரவத்தில் கலந்த அழுக்கு ஒளிர்வதால் அது உண்டாகிறது என்று முதலில் நினைத்தார்கள். எத்தனை முறை சுத்தி செய்தாலும் அது போகவில்லை. 1928-ம் வருஷத் தொடக்கத்தில் வெங்கடேஸ்வரன் கிளிஸரினில் அதைத் தெளிவாகக் கண்டார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரவு பகலாக உழைத்துப் பல திரவங்களில் அதை நிலைநாட்டினார். இது சாதாரண ஒளிர்வு அன்று என்பதற்கும் அத்தாட்சி கிடைத்தது. ஒளிர்வில் அதிர்வின் திசை ஒழுங்கற்றுக் கலைந்துவிடும்; இந்தப் புதுச் சாயலிலோ திசை ஒழுங்கு நிலைத்திருந்தது. பிப்ரவரி 28-ம் தேதி கண்டுபிடிப்பு வெளியிடப்பட்டது. மார்ச்சு 16-ம் தேதி பெங்களூரில் ராமன் அதை விரிவாக விளக்கிப் பேசினார். ஏறக்குறைய அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் பளிங்குகளில் இதையே கண்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

உபயோகித்த கருவிகள் எவை? சூரிய ஒளியைத் திருப்பும் கண்ணாடி, நிறவடிகட்டிகள் சில, பாதரச விளக்கு ஒன்று, கையடக்கமான ஸ்பெக்ட்ராஸ்கோப்பு ஒன்று. எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் என்று சொல்வது வழக்கம்.

கண்டதன் பொருள் இதுதான். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மேல் விட்டால், சிதறும் ஒளியில் பெரும்பாலும் அதே நிறமே திரும்புகிறது. கோடித் துகளுக்கு ஏறக்குறைய ஒரு துகள் மட்டும் நிறம் மாறித் திரும்புகிறது. அந்த ஒன்று மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் சக்தியில் கொஞ்சம் கொடுத்துவிட்டோ, அல்லது அதனிடமிருந்து கொஞ்சம் பெற்றுக்கொண்டோ வருகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று அமைந்த அதிர்வை உடையது. ஆகவே நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று நிறமாலையில் அளந்தால், எந்த மூலக்கூறைத் தொட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். மிருதங்கத்தைக் கண்ணால் காணாமலே நாதத்தைக் கேட்டு மிருதங்கம் என்கிறோமே, அதைப் போல. பொருளைக் கரைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

1929-ல் ஸர் பட்டமும், 1930-ல் நோபல் பரிசும் வந்தன. விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு நவம்பரில் அறிவிக்கப்பட்டது; ராமனோ ஜூலை மாதமே ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் டிக்கட் வாங்கிவிட்டார்! பரிசளிப்பு மண்டபத்தில் தம் தலைக்குமேல் பறந்தது பிரிட்டிஷ் கொடி என்பதைக் கண்டு, தம் தேசத்துக்கென்று ஒரு கொடியும் இல்லையே என மனம் உருகிக் கண்ணீர் விட்டதாக அவரே பின்னாளில் தெரிவித்திருக்கிறார். தலைப்பாகையைக் கடைசி வரை அவர் விடவில்லை.

பெரியார்களின் சரித்திரத்தை எழுதும்போது குறைகளை விழுங்கிவிடுவது நம்மவர் பழக்கம். அதை நாம் பின்பற்றவில்லை. கண்டுபிடிப்பில் கிருஷ்ணனுடைய பங்கு எவ்வளவோ பெரியதாயிருக்க, புகழ் அவருக்கு அந்த அளவில் வந்து சேரவில்லை. 1933-ல் ராமன் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனத்தின் முதல் இந்தியத் தலைவரானபோது, கமலா பாகவத் என்ற மாணவியை, பெண் என்ற காரணத்தால் முதலில் சேர்க்க மறுத்து, பிறகு நிபந்தனைகளுடன் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மையார் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று அவருக்குத் தக்க பதிலளித்தார். சக விஞ்ஞானிகளோடு ராமனுக்கு ஏற்பட்ட பிணக்குகளும் பல. 1937-ல் தலைமைப் பதவியை விட்டு விலகவேண்டி வந்தது. ஆயினும் 1934-ல் அவர் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகமும், 1948-ல் ஓய்வு பெற்றபின் நன்கொடை திரட்டி நடத்திய ராமன் ஆராய்ச்சி நிலையமும் இன்றும் நிலைத்திருக்கின்றன. 1954-ல் பாரத ரத்னம் முதன்முதலாக அளிக்கப்பட்டபோது ராஜாஜியுடனும் ராதாகிருஷ்ணனுடனும் அவருக்கும் கிடைத்தது. 1970-ம் வருஷம் நவம்பர் 21-ம் தேதி பெங்களூரில் காலமானார். தம் நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டார். அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

அவர் கண்ட கதிருக்குக் கோடியில் ஒரு பங்கே பலம் என்றோம். ஆகையால் பல வருஷ காலம் அது இரசாயன நிபுணர்களின் சோதனைச்சாலைக்குள்ளேயே தங்கியிருந்தது. 1960-ல் லேஸர் விளக்கு தோன்றியபின் நிலைமை மாறிற்று. மனித உடலைப் பரிசோதிக்க அதைக் கொண்டுவர முயன்றவர்கள் பலர். சருமத்தைப் பொறுத்தவரை கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் ஒருவகைச் சருமப் புற்றை இந்த முறையால் பிரித்தறியலாம் எனக் காட்டினார்கள். 2004-ல் அதே கூட்டத்தார், மெலனோமா என்று வழங்கும் கொடிய கரும்புற்றையும் சாதாரண மச்சத்தையும் பிரித்தறிந்தார்கள். புற்று மூளும் இடத்தில் புரதங்களின் அமைப்பும் கொழுப்பின் அளவும் மாறுகின்றன. மாறிய மூலக்கூறுகளின் அதிர்வு வேறாகவே, நிறமாலையும் வேறாகிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கரும்புள்ளிகள் இந்தக் கதிருக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை.

கனடா தேசத்து வான்கூவரில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 453 நோயாளிகளின் 518 புள்ளிகளைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேஸரால் சோதித்தனர். ஒரு புள்ளிக்கு ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே பிடித்தது. 2012-ல் வெளியிட்ட முடிவின்படி, நூறு புற்றில் 95 முதல் 99 வரை தப்பாமல் பிடிபடும்படி கருவியை அமைத்தால், தீங்கற்ற நூறு புள்ளிகளில் 15 முதல் 54 வரையே தீங்கற்றவை என்று சரியாக ஒதுக்கப்பட்டன. இந்த இரண்டாவது எண்ணை நேயர்கள் கவனிக்கவேண்டும். கருவி புற்றைத் தவற விடுவது அரிது. ஆனால் புற்றல்லாத பலவற்றையும் சந்தேகிக்கிறது. 2024-ம் வருஷம் ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் பொது வைத்தியர்களின் உபயோகத்துக்கு அனுமதித்த மற்றொரு கருவி, நிறம் மாறாமல் சிதறும் ஒளியை அளப்பது. ராமன் முறைக்கு அண்ணன்முறை என்று சொல்லலாம். அதுவும் நூற்றுக்கு 96 புற்றைப் பிடிக்கிறது; தீங்கற்றவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றையே ஒதுக்குகிறது. ஆகவே இவை தீர்ப்புச் சொல்லும் கருவிகளல்ல. இவரை உடனே நிபுணரிடம் அனுப்பு என்று சொல்லும் காவற்காரர்கள். சருமத்துண்டை வெட்டி நுண்பெருக்கியில் பார்ப்பதே இன்னும் இறுதித் தீர்ப்பு.

முதலில் குறிப்பிட்ட தனிக் காரணத்துக்கு இப்போது வருவோம். இக்கருவிகளைப் பெரும்பாலும் வெள்ளைத் தோலிலேயே பரீட்சித்திருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கமும் இதை உணர்ந்தே, கரும்புற்று அரிதாகக் காணும் சமூகத்தாரிடையே மேலும் சோதிக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கறுத்த சருமத்தில் நிறப்பொருள் அதிகம். லேஸர் பட்டவுடன் அந்த நிறப்பொருள் தானும் ஒளிர்ந்து, மெலிந்த ராமன் கதிரை மூழ்கடிக்கிறது. 1923-ல் கல்கத்தாவில் ராமநாதனை மயங்கவைத்த அதே ஒளிர்வு! சிதறலா ஒளிர்வா என்ற அன்றைய வழக்கு இன்று நம் தோலின்மேல் மறுபடி நடக்கிறது. அகச்சிவப்பு ஒளியும் கணித யுக்திகளும் ஓரளவு கைகொடுக்கின்றன, முழுதும் அல்ல.

நமக்கு வரும் சருமப் புற்றும் வேறு வகை. மேனாட்டில் வெயில் காய்ந்த முகத்திலும் முதுகிலும் வருவது நம்மிடையே குறைவு. கறுத்த மக்களுக்குக் கரும்புற்று உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் ஆகிய இடங்களில் வருகிறது. கால்விரல் நகத்தடியில் தோன்றிய கரும்புற்றாலேயே ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981-ல் மாண்டார். காஷ்மீரத்தில் வயிற்றோடு அணைக்கும் கங்கிரி என்னும் கணப்புச் சட்டியாலும், வேட்டியை இறுக உடுத்தும் இடுப்புத் தழும்பிலும் புற்று வருவதுண்டு. வேட்டிப் புற்றை 1945-ல் விவரித்தவர்களில் ஒருவர் பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியின் டாக்டர் கானோல்கர். இவை எவையும் மேனாட்டுக் கருவிக்குக் கற்பிக்கப்பட்ட பாடத்தில் இல்லை.

புதுச்சேரிக்குத் தென்மேற்கே, வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே உள்ளது கரிக்கலாம்பாக்கம். ராமன் கதிரைக் கண்ட வருஷத்தில் அவ்வூர் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. அவர் பாரத ரத்னமான 1954-லேயே நவம்பர் முதல் தேதி நம்மோடு சேர்ந்தது. நெற்கழனியில் வெறுங்காலோடு நாற்று நடும் பெண்ணுக்கும், வரப்பு வெட்டும் ஆளுக்கும் உள்ளங்காலில் கறுப்பு ஒன்று தோன்றினால், முள் தைத்த வடு என்பார்கள். கால் ஆணி என்பார்கள். சேற்றுப்புண் என்று மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். வலி இராது. தொடையிடுக்கில் நெறி கட்டும்போதுதான் ஆஸ்பத்திரி நினைவு வரும். அதற்குள் காலம் கடந்துவிடும். ஆரம்பத்தில் வெட்டியெடுத்தால் பிழைக்கும் நோய் இது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் உள்ள சாதாரண வைத்தியரிடம், இதைச் சந்தேகி என்று சொல்லும் ஒரு கருவி இருந்தால் எவ்வளவு பேர் கால்கள் தப்பும்!

நம் தேசத்தில் ஆராய்ச்சி இல்லாமலில்லை. புகையிலையால் வாய்ப்புற்று மிகுந்திருப்பதால், நவிமும்பையிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ராமன் முறையை வாய்க்குள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தார் ஒளிர்வைக் கொண்டு வாய்ப்புற்றைச் சோதிக்கும் கருவியைத் தாமே கட்டினார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தாரும் புற்றுத் திசுக்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். வாய்க்குச் செய்ததைப் பாதத்துக்கும் செய்யவேண்டும். 1823-ல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் ஆஸ்பத்திரி, கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் கோரிமேட்டில் இருக்கிறது. சருமத்துண்டை வெட்டிப் பார்க்கும் பரிசோதனை அங்கே எப்படியும் நடக்கிறது. வெட்டுவதற்கு முன் அதே புள்ளியின் நிறமாலையையும், பக்கத்திலுள்ள நல்ல தோலின் நிறமாலையையும் எடுத்து, நுண்பெருக்கியின் தீர்ப்போடு சேர்த்து எழுதி வைக்கவேண்டும். சில வருஷங்களில் நம் நிறத்தாருக்கென்று ஒரு கணக்கு சேரும். அக்கணக்கைச் சேர்க்கும்படி புதுச்சேரி அரசாங்கத்தையும் மத்திய சர்க்காரையும் வற்புறுத்துவது, வரும் பிப்ரவரி 28-ம் தேதி தேசிய விஞ்ஞான தினக் கூட்டங்களை நடத்தப்போகும் நம் தோழர்களின் வேலை.